காபிக் கோப்பைக்கு மாற்று: உண்மையில் எதை வடிவமைக்க வேண்டும்?

ஒரு நகரம் காகிதக் கோப்பைக்கு வரி போடுகிறது. இன்னொரு நகரம் தெருவோரத்தில் கோப்பையைத் திருப்பி வாங்கும் இயந்திரத்தை நிறுத்துகிறது. ஒரு நிறுவனம் 'முழுவதும் மட்கும்' கோப்பையை அறிமுகப்படுத்துகிறது. பீங்கான் கோப்பையை ஆயிரம் முறை பயன்படுத்தினால்தான் லாபம் என்று எங்கோ ஓர் ஆய்வு மேற்கோள் காட்டப்படுகிறது. இவற்றையெல்லாம் ஒன்றாகப் படிக்கிறவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. கோப்பை எந்தப் பொருளால் ஆனது என்பதிலேயே பெரும்பாலான விவாதங்கள் நின்றுவிடுகின்றன. குடித்து முடித்தபின் அது எங்கே போகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இந்தச் செய்திகளுக்குள் ஓர் ஒழுங்கு தெரியும்.

இந்தக் கட்டுரையில் இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். ஒருமுறை குடித்துவிட்டு எறிவது 'ஒருமுறைக் கோப்பை'. கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது 'பலமுறைக் கோப்பை'.

ஒருமுறைக் கோப்பை ஏன் பிறந்தது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ரயில் நிலையங்களிலும் பள்ளிகளிலும் குடிநீர்த் தொட்டியருகே ஒரே ஒரு குவளை இருக்கும். நோயாளி, குழந்தை, வழிப்போக்கர் என எல்லாரும் அதிலேயே குடிப்பார்கள். காசநோயும் தொண்டை அடைப்பானும் இப்படிப் பரவுகின்றன என்ற அச்சம் வளர்ந்தபோது, பாஸ்டனைச் சேர்ந்த லாரன்ஸ் லூலன் 1907-ஐ ஒட்டி ஒருமுறைக் காகிதக் குவளையை உருவாக்கினார். 1909-இல் கன்சாஸ் மாநிலம் பொதுக் குவளையைத் தடை செய்தது. லூலனின் குவளை பின்னர் 'டிக்சி' என்ற பெயரில் புகழ்பெற்றது.

இந்த வரலாறு முக்கியமானது. காகிதக் குவளை சோம்பேறித்தனத்தின் விளைவாக வரவில்லை. உயிர்காக்கும் பொதுச் சுகாதார நடவடிக்கையாக வந்தது. கழுவும் வேலையை அடியோடு நீக்கித்தான் அது அந்தப் பாதுகாப்பைத் தந்தது. அதற்கு மாற்று தேடுகிறவர்கள் அந்த வேலையை மீண்டும் யாரிடமாவது ஒப்படைத்தே ஆக வேண்டும்.

குடிநீருக்கான குவளைக்கு மெழுகுப் பூச்சு போதுமாக இருந்தது. சூடான காபியில் மெழுகு உருகிவிடும். ஆகவே சூடான பானத்துக்கான கோப்பையின் உட்புறத்தில் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கின் மெல்லிய படலத்தை ஒட்டத் தொடங்கினார்கள். இன்றைய காகிதக் கோப்பையின் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு காகித நார், 5 விழுக்காடு பிளாஸ்டிக். அந்த ஐந்து விழுக்காடுதான் பின்னால் வரும் சிக்கல்களில் பாதிக்குக் காரணம்.

மாற்றாக வரும் எந்தக் கோப்பையும் கடக்க வேண்டிய தடைகள் இவை:

1. கொதிநிலைக்குச் சற்றுக் கீழான சூட்டில் உருக்குலையக் கூடாது.
2. குடித்து முடிக்கும்வரை கசியக் கூடாது.
3. பிடிக்கும் கையைச் சுடக் கூடாது.
4. மூடி இறுகப் பொருந்த வேண்டும்.
5. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் இடத்தை அடைக்கக் கூடாது.

காகிதக் கோப்பை இவை அனைத்தையும் பத்து கிராமை ஒட்டிய எடையில் செய்துவிடுகிறது. பொறியியல் நோக்கில் அது ஒரு சாதனை. அதை எளிதாக வீழ்த்திவிடலாம் என்று நினைத்த பல முயற்சிகள் தோற்றதற்கு இதுவே காரணம்.

உட்படலம் குறித்து இன்னொரு கேள்வியும் எழுந்திருக்கிறது. சூடான நீர் 15 நிமிடம் இருந்தால் 100 மில்லிலிட்டரில் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலக்கக்கூடும் என்று ஐஐடி கரக்பூர் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

மறுசுழற்சி எங்கே முறிகிறது?

காகித ஆலையில் பழைய காகிதத்தை நீரில் இட்டுக் கலக்கிக் கூழாக்குகிறார்கள். செய்தித்தாள் விரைவில் கரைந்துவிடும். படலம் ஒட்டிய கோப்பையோ அவ்வளவு சீக்கிரம் பிரியாது. நாரும் படலமும் சேர்ந்தே சல்லடையில் சிக்கிக் கழிவாகப் போகும். இதற்கென்றே அமைந்த கூழாக்கிகள் கொண்ட ஆலைகள் உண்டு. கோப்பையில் இருப்பது நீளமான, வலுவான, உயர்தர நார் என்பதால் அந்த ஆலைகள் அதை விரும்பியும் வாங்கும். அப்படியானால் தொழில்நுட்பம் இருக்கிறது. கோப்பைதான் அங்கே போய்ச் சேர்வதில்லை.

காரணம், அது நடந்தபடியே குடிக்கும் பொருள். கடையில் வாங்கி, பஸ் நிறுத்தத்தில் காலி செய்து, மூன்றாவது தெருவின் குப்பைத்தொட்டியில் மிச்சக் காபியோடு விழுகிறது. மூடி வேறு பிளாஸ்டிக், அதற்கு வேறு பாதை. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் சுற்றுச்சூழல் தணிக்கைக் குழு 2018 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்நாட்டில் ஆண்டுக்கு 250 கோடி கோப்பைகள் எறியப்பட்டன. மறுசுழற்சியானது 400-இல் ஒன்றுக்கும் குறைவு. கோப்பையின் மேல் மறுசுழற்சிச் சின்னத்தை அச்சிடுவதால் இந்த எண் மாறாது.

'மட்கும்' என்றால் எந்தச் சூழலில்?

பாலிஎத்திலீனுக்குப் பதிலாக மக்காச்சோளம் அல்லது கரும்பிலிருந்து எடுக்கும் பாலிலாக்டிக் அமிலத்தை உட்படலமாக ஒட்டினால், அந்தக் கோப்பைக்கு மட்கும் தன்மைச் சான்றிதழ் கிடைக்கலாம். ஐரோப்பாவில் இதற்கான தரநிலை இஎன் 13432. பன்னிரண்டு வாரத்தில் பொருள் சிதைந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் 90 விழுக்காடு உயிரியல் முறையில் மாற்றமடைய வேண்டும். இந்தச் சோதனை தொழிற்சாலை உரக்கூடத்தின் சூழலை, அதாவது 58 பாகை செல்சியஸை ஒட்டிய நீடித்த வெப்பத்தை, அடிப்படையாகக் கொண்டது.

வீட்டுத் தோட்டத்து உரக்குழி அந்தச் சூட்டை நாள்கணக்கில் தக்கவைக்காது. கடலிலோ சாலையோரத்திலோ அந்த நிலைமை இல்லவே இல்லை. காற்றில்லாத குப்பைக்கிடங்கில் காகித நார் அழுகும்போது மீத்தேன் வெளிவருகிறது. உரக்கூடம் நடத்துகிறவர்களுக்கும் இதில் பெரிய ஆர்வமில்லை. வரும் கோப்பை மட்கும் வகையா, சாதாரண வகையா என்று கண்ணால் பிரிக்க முடியாது. மட்கினாலும் உரத்தின் சத்து அதனால் அதிகரிக்காது.

இதனால் மட்கும் கோப்பை வீண் என்று சொல்லிவிட முடியாது. விளையாட்டரங்கம், திருவிழா மைதானம், பல்கலைக்கழக வளாகம் போன்ற மூடிய இடங்களில், எல்லாக் கழிவும் ஒரே வண்டியில் ஏறி ஓர் உரக்கூடத்துக்குப் போகிறது என்ற உறுதி இருந்தால் அது பொருந்தும். தெருவில் விற்கும் காபிக்கு அது தீர்வல்ல என்பதே என் கணிப்பு.

மூங்கில் கோப்பையைப் பற்றி இங்கே எச்சரிக்க வேண்டும். 'இயற்கை' என்ற பெயரில் விற்கப்பட்ட பல மூங்கில் கோப்பைகள், அரைத்த மூங்கில் தூளை மெலமைன்–ஃபார்மால்டிஹைடு என்ற செயற்கைப் பிசினில் பிணைத்துச் செய்தவை. சூடான பானத்தில் இந்தப் பிசினிலிருந்து வேதிப்பொருள்கள் கசியலாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2020-இல் எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய பொருள்களைச் சந்தையிலிருந்து அகற்ற 2021-இல் தனி நடவடிக்கை எடுத்தது. இவை மட்கவும் செய்யாது, மறுசுழற்சிக்கும் ஆகாது.

'ஆயிரம் முறை' என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழக வேதியியலாளர் மார்ட்டின் ஹாக்கிங் 1994-இல் வெளியிட்ட ஆய்வுதான் இதன் மூலம். ஒரு கோப்பையைச் செய்ய ஆகும் ஆற்றலை, மெகாஜூல் என்ற ஆற்றல் அலகில், அவர் இப்படிக் கணக்கிட்டார்:

1. பீங்கான்: 14 மெகாஜூல்
2. கழுவிப் பயன்படுத்தும் பிளாஸ்டிக்: 6.3
3. கண்ணாடி: 5.5
4. காகிதம்: 0.55
5. பாலிஸ்டைரீன் நுரை (தெர்மோகோல் வகை): 0.20

பலமுறைக் கோப்பையை இயந்திரத்தில் ஒருமுறை கழுவ ஏறத்தாழ 0.18 மெகாஜூல் ஆகும் என்று எடுத்துக்கொண்டார். இனிக் கணக்கு எளிது. ஒரு காகிதக் கோப்பையைத் தவிர்த்தால் 0.55 மிச்சம், கழுவ 0.18 செலவு, நிகர மிச்சம் 0.37. பீங்கானின் 14 மெகாஜூலை இந்த 0.37-ஆல் வகுத்தால் நாற்பதுக்குச் சற்றுக் கீழே வரும். ஆய்வில் வந்த துல்லியமான விடை 39. கண்ணாடிக்கு அது 15, பிளாஸ்டிக்குக்கு 17. அத்தனை முறை பயன்படுத்தியபின் பலமுறைக் கோப்பை காகிதத்தை வென்றுவிடுகிறது. 'சமநிலை எண்ணிக்கை' என்று இதைச் சொல்லலாம்.

நுரைக் கோப்பையோடு ஒப்பிடும்போதுதான் அந்தப் புகழ்பெற்ற எண் வருகிறது. நுரைக்கு 0.20, கழுவலுக்கு 0.18. இரண்டுக்கும் இடையே மிக நூலளவு வேறுபாடு. இங்கே தந்த தோராய எண்களின்படி 14-ஐ 0.02-ஆல் வகுத்தால் 700 வரும்; ஆய்வின் துல்லியமான எண்களில் விடை ஆயிரத்தைத் தாண்டி 1,006 ஆகிறது.

இந்த எண்ணைப் பீங்கானுக்கு எதிரான தீர்ப்பாக எடுத்துக்கொள்வது பெரும் தவறு. கழுவும் ஆற்றலைப் பாதியாகக் குறைத்து 0.09 என்று வைத்துப் பாருங்கள். நிகர மிச்சம் 0.11. பதினான்கை அதனால் வகுத்தால் 127. பீங்கானில் எதுவும் மாறவில்லை. கழுவும் இயந்திரம் மட்டும் மாறியது. ஆயிரம், நூற்றுச் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. பீங்கான் சுடும் சூளையைவிடக் கழுவும் இயந்திரத்தையே அந்த ஆய்வு நமக்குச் சுட்டிக்காட்டுகிறது. எவ்வளவு சூடான நீர், ஒரு சுற்றில் எத்தனை கோப்பை, மின்சாரம் எதிலிருந்து வருகிறது ஆகிய மூன்றும்தான் விடையை ஆட்டிவைக்கின்றன.

இரண்டு வரம்புகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆய்வு ஆற்றலை மட்டுமே அளந்தது. தெருவில் சேரும் குப்பை, நீர், காடு ஆகியவை அதில் இல்லை. மேலும், விரிவாக்கிய பாலிஸ்டைரீன் நுரைக் கோப்பைகளை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் தடை செய்துவிட்டது. அங்கே 1,006 என்ற ஒப்பீட்டுக்கே இப்போது இடமில்லை.

திரும்பும் விகிதம்: எல்லாவற்றையும் தீர்மானிக்கும் எண்

பலமுறைக் கோப்பை எத்தனை முறை கழுவினாலும் தாங்கும் என்பதைத் தயாரிப்பாளர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஆயுள் ஆயிரம் கழுவல் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவது நாளே ஒருவரின் சமையலறை அலமாரியில் அது குடியேறிவிட்டால் அந்த ஆயிரத்துக்கு என்ன பொருள்?

வெளியே போன கோப்பைகளில் எத்தனை விழுக்காடு திரும்பி வருகின்றன என்பதே திரும்பும் விகிதம். அதிலிருந்து சராசரிப் பயன்பாட்டைக் கணக்கிடலாம். நூறு கோப்பையில் திரும்பாதவை எத்தனை என்று எடுத்து, நூறை அதனால் வகுத்தால் போதும்.

1. 50 விழுக்காடு திரும்பினால், ஒரு கோப்பைக்குச் சராசரி 2 பயன்பாடு.
2. 80 விழுக்காடு என்றால் 5.
3. 90 என்றால் 10.
4. 95 என்றால் 20.
5. 98 என்றால் 50.

90-இலிருந்து 95-க்கு ஏறுவது சிறு முன்னேற்றம்போலத் தோன்றும், பயன்பாடு இரட்டிப்பாகிறது. ஹாக்கிங் கணக்கின்படி பிளாஸ்டிக் கோப்பை 17 பயன்பாட்டைத் தொட வேண்டுமானால் 94 விழுக்காடு திரும்பியாக வேண்டும். பீங்கானின் 39-க்கு 97-ஐயும் தாண்ட வேண்டும். பத்தில் ஒன்பது கோப்பை திரும்புகிறது என்பது காதுக்கு இனிமையான செய்தி. அந்தக் கணக்கில் அது போதாது.

இதே கணக்கு, உட்கார்ந்து குடிப்பவர்களுக்குப் பீங்கானில் கொடுப்பது ஏன் மிகச் சிறந்த வழி என்பதையும் காட்டுகிறது. மேசையைவிட்டுக் கோப்பை எங்கும் போவதில்லை, உடைந்தால்தான் இழப்பு. பிரான்ஸில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட இருக்கைகள் உள்ள உணவகங்கள், அங்கேயே அமர்ந்து உண்பவர்களுக்குக் கழுவிப் பயன்படுத்தும் பாத்திரங்களிலேயே பரிமாற வேண்டும் என்ற விதி 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. புதுமை எதுவும் தேவைப்படாத சீர்திருத்தம் இது. அதனாலேயே பலர் இதைப் பேசுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

சுற்றிவரும் கோப்பையின் உடலமைப்பு

கடைகளுக்கிடையே சுற்றும் கோப்பைக்குப் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் தேர்வாகிறது. கொதிநீரைத் தாங்கும், எடை குறைவு, விழுந்தால் உடையாது, ஆயுள் முடிந்தபின் ஒரே வகைப் பிளாஸ்டிக்காக மறுசுழற்சிக்குப் போகும். வெளியில் தெரியாத நுணுக்கங்களில்தான் வடிவமைப்பாளர்கள் அதிகம் போராடுகிறார்கள்.

அடுக்குதல் முதல் சிக்கல். சுவர் தடித்தால் அடுக்கு உயரமாகும், கடையின் மேசையில் இடம் போதாது. மிகவும் இறுக்கமாக அடுக்கினால் ஈரக் கோப்பைகள் ஒட்டிக்கொண்டு பிரிக்க வராது. இதற்காக உட்சுவரில் ஒரு சிறு படி வைத்து, ஒவ்வொரு கோப்பைக்கும் இடையே காற்றோட்டம் விடுகிறார்கள்.

உலர்தல் அதைவிடக் கடினம். பீங்கான், கழுவும் இயந்திரத்தின் சூட்டை உள்வாங்கி வைத்துக்கொண்டு தானே உலர்ந்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் சட்டென்று ஆறிவிடும். நீர் துளித்துளியாக அதன்மேல் நிற்கும். ஈரத்தோடு அடுக்கினால் கிருமி வளரும், வாடை வரும். கவிழ்த்துக் கழுவும்போது அடிப்புறக் குழிவில் தேங்கும் நீர் வடிய, விளிம்பில் சிறு வெட்டுகள் தேவை. உலர்த்துவதற்குச் செலவாகும் ஆற்றல் தனி.

மூடிதான் இன்றும் பலவீனமான இடம். இறுக்கத்துக்காகச் சிலிகான் வளையம் வைத்தால் அதன் இடுக்கில் பால் தங்கும். வளையமில்லாமல் செய்தால் கசியும்.

அளவும் முக்கியம். காபி இயந்திரத்தின் குழாய்க்குக் கீழே நுழையாத கோப்பையை, வரிசை நிற்கும் காலை நேரத்தில் எந்தக் கடை ஊழியரும் விரும்பமாட்டார். மெல்போர்னில் 2009-இல் அறிமுகமான கீப்கப் என்ற பலமுறைக் கோப்பை நிறுவனம், கடைகள் ஏற்கெனவே பயன்படுத்தும் காகிதக் கோப்பைகளின் அளவிலேயே தன் கோப்பையை அமைத்தது. வாங்குகிறவரைப் போலவே காபி போடுகிறவரையும் மனத்தில் வைத்த முடிவு அது.

கடைசியாக அழகு. ஒருவர் சொந்தமாக வைத்துக்கொள்ளும் கோப்பை எவ்வளவு அழகாக இருந்தாலும் நல்லது. விரும்பினால்தான் தினமும் பையில் எடுத்துப் போவார். சுற்றிவரும் கோப்பைக்கு இது நேர்மாறு. மிகவும் அழகாக இருந்தால் நினைவுப்பொருளாக வீட்டுக்குப் போய்விடும். பிடிக்கும்போது இதமாக, திருப்பித் தரும்போது மனம் தடுக்காததாக இருக்க வேண்டும்.

திரும்பும் வழியை அமைப்பது

ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரம் 2016-இல், திருப்பித் தந்தால் கிடைக்கும் ஒரு யூரோ வைப்புத்தொகையுடன் நகரத்துக்கே பொதுவான கோப்பையை அறிமுகப்படுத்தியது. ஒரு கடையில் வாங்கி, திட்டத்தில் சேர்ந்த வேறெந்தக் கடையிலும் திருப்பித் தர முடிந்தது. டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரம் 2024 ஜனவரியில் தெருக்களில் இயந்திரங்களை நிறுத்தியது. கோப்பையைப் போட்டு வங்கி அட்டையைக் காட்டினால் ஐந்து குரோனர் வைப்புத்தொகை கணக்குக்கே திரும்பும். கலிபோர்னியாவின் பெட்டலூமாவில் 2024 ஆகஸ்ட் முதல் நவம்பர்வரை முப்பதுக்கும் மேற்பட்ட உணவகங்களில் ஒரு சோதனை நடந்தது. அங்கே வைப்புத்தொகையே இல்லை. ஊதா நிறக் கோப்பைதான் இயல்பாகக் கொடுக்கப்பட்டது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்பைகள் திரும்பின. திரும்பும் விகிதம் 51 விழுக்காடு.

குறுகிய கால, பணம் வாங்காத சோதனைக்கு அது மோசமான எண் அல்ல. ஆனால் மேலே போட்ட கணக்கின்படி அது ஒரு கோப்பைக்கு இரண்டே பயன்பாடு. நிரந்தரத் திட்டம் அந்த இடத்தில் நின்றுவிட முடியாது.

வைப்புத்தொகையின் அளவில் ஒரு மறைவான ஆபத்து இருக்கிறது. அது கோப்பையின் அடக்கவிலையைவிட அதிகமாக இருந்தால், திரும்பாத ஒவ்வொரு கோப்பையும் திட்டத்தை நடத்துகிறவருக்கு லாபம். வரவுசெலவுக் கணக்கு சிரிக்கும். சுற்றுச்சூழல் கணக்கு மூழ்கும். ஆகவே திரும்பும் விகிதத்தை வெளியிடாத எந்தத் திட்டத்தையும் நம்ப வேண்டியதில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

பழக்கத்தை மாற்றுவது எது?

2010-இல் பீட்டாகப் என்ற பெயரில் ஒரு பன்னாட்டு வடிவமைப்புப் போட்டி நடந்தது. காகிதக் கோப்பைக்கு மாற்று கேட்டார்கள். ஸ்டார்பக்ஸ் நிறுவனம் ஆதரவளித்தது. நூற்றுக்கணக்கான கோப்பை வடிவங்கள் வந்தன. முதல் பரிசு பெற்ற 'கர்மா கப்' ஒரு கோப்பையே அல்ல. கல்லாவுக்கு அருகே ஒரு கரும்பலகை. சொந்தக் கோப்பை கொண்டுவரும் ஒவ்வொருவரும் அதில் ஒரு குறி போட வேண்டும். பத்தாவதாக வருகிறவருக்குக் காபி இலவசம். தன் செயல் அடுத்தவருக்கு உதவுகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. நடுவர்கள் சிக்கலைச் சரியான இடத்தில் பிடித்தார்கள்.

சலுகை ஏன் பலிப்பதில்லை என்பதற்கும் விடை உண்டு. கார்டிஃப் பல்கலைக்கழகம் 2017-இல் வெளியிட்ட கள ஆய்வில், சொந்தக் கோப்பைக்குத் தள்ளுபடி கொடுத்தபோது பழக்கம் மாறவில்லை; அதே அளவு தொகையை ஒருமுறைக் கோப்பைக்குக் கட்டணமாக வைத்தபோது மாறியது. கட்டணத்தோடு இலவசப் பலமுறைக் கோப்பையும் நினைவூட்டும் வாசகங்களும் சேர்ந்தபோது விளைவு இன்னும் கூடியது. கிடைக்கக்கூடிய சிறு லாபத்தைவிட, கையைவிட்டுப் போகும் அதே தொகை மனிதர்களை அதிகம் உறுத்துகிறது. ஜெர்மனியின் டூபிங்கன் நகரம் 2022-இல் ஒருமுறைப் பாத்திரங்களுக்கு வரி விதித்தது இந்த வழியில்தான். அந்த வரி செல்லும் என்று அந்நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் 2025 ஜனவரியில் அறிவித்தது.

சட்டங்கள் கேட்பதும் கேட்காததும்

ஜெர்மனியில் 2023 முதல், எடுத்துச் செல்லும் பானம் விற்கும் கடைகள் பலமுறைக் கோப்பையையும் ஒரு தெரிவாக வைத்திருக்க வேண்டும். சிறு கடைகள், வாடிக்கையாளர் கொண்டுவரும் பாத்திரத்தில் நிரப்பித் தந்தால் போதும். பொருள்களைப் பொதியும் உறைகள், பாத்திரங்கள் குறித்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான 2025-ஆம் ஆண்டுச் சட்டம் இதே பாதையில் செல்கிறது: சொந்தப் பாத்திரத்தை ஏற்கும் கடமை 2027 பிப்ரவரியிலிருந்து, பலமுறைப் பாத்திரத்தைத் தெரிவாக வைக்கும் கடமை 2028 பிப்ரவரியிலிருந்து.

இவை கடைக்காரர் கோப்பையை அலமாரியில் வைத்திருக்கிறாரா என்று கேட்கின்றன. அடுத்தடுத்த இரண்டு கடைகளின் கோப்பைகள் ஒரே வடிவமா, ஒன்றில் வாங்கியதை மற்றொன்றில் தரலாமா என்ற முடிவைச் சந்தையிடம் விட்டுவிட்டால், ஒவ்வொரு நிறுவனமும் தன் சின்னம் பொறித்த தனிக் கோப்பையோடு வரும். திருப்பித் தரும் இடங்கள் சிதறும். 94 விழுக்காடு என்ற திரும்பும் விகிதம் எட்டாத் தொலைவில் நிற்கும். பீர் பாட்டில்களைப் பொது அளவில் சுற்றவிட்ட நாடுகளுக்கு இதற்கான அனுபவம் ஏற்கெனவே உண்டு. 2028-க்கு முன் எஞ்சியிருக்கும் காலத்தில் பொது அளவு, பொது மூடி, பொதுத் திருப்புமிடம் ஆகிய மூன்றையும் நகராட்சிகளும் கடைகளும் சேர்ந்து முடிவு செய்தாக வேண்டும். ஒவ்வொரு கடையும் தன் கோப்பைக்கான அச்சைச் செய்துமுடித்த பிறகு அதை மாற்றச் சொல்வது யாராலும் ஆகாது.